இலாபம் எத்தனை விழுக்காடு மாறியது? வட சிலாங்கூர்த் தோட்டக் கணக்கில் விடுபட்ட எண்

ஒரு செம்பனைத் தோட்டத்தின் வருமானம் சென்ற ஆண்டைவிட 10 விழுக்காடு கூடியது. செலவு 5 விழுக்காடு கூடியது. இலாபம் எத்தனை விழுக்காடு கூடியிருக்கும்?

ஐந்து என்று சொல்பவர்கள் பலர். பத்திலிருந்து ஐந்தைக் கழித்துவிடுகிறார்கள். பத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். இவர்கள் சொல்வது சரி. ஆனால் பத்துக்கு மேல் எவ்வளவு என்று கேட்டால் அவர்களாலும் சொல்ல முடியாது, ஏனென்றால் கொடுத்த இரண்டு தகவல்களிலும் அதற்கான விடை இல்லை. முந்தைய ஆண்டில் நூறு ரிங்கிட் வருமானத்துக்கு எண்பது ரிங்கிட் செலவு என்றால் இலாபம் 20இலிருந்து 26 ஆகிறது. 30 விழுக்காடு உயர்வு. நூறுக்குத் தொண்ணூற்றைந்து செலவு என்றால் இலாபம் 5இலிருந்து 10.25 ஆகிறது, 105 விழுக்காடு. நூறுக்கு நாற்பதே செலவு என்றால் 60இலிருந்து 68, வெறும் 13.3 விழுக்காடு. கேள்வியில் ஓர் எழுத்தும் மாறவில்லை. விடை பதின்மூன்றிலிருந்து நூற்றைந்து வரை ஓடுகிறது.

இத்தகைய கேள்விகளுக்குத் தேர்வு உலகில் தனி இடம் உண்டு. வணிக மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வில் இவை பல பத்தாண்டுகளாகக் கணிதப் பகுதியில் இருந்தன; 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் தரவுகளை ஆராயும் பகுதிக்கு மாற்றப்பட்டன. இந்திய வங்கித் தேர்வுகளுக்குப் படிப்பவர்களும் இவற்றை அறிவார்கள். ஒரு கேள்வி, கீழே இரண்டு கூற்றுகள். முதல் கூற்று மட்டுமே போதுமா, இரண்டாவது மட்டுமே போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, தனித்தனியாகவே ஒவ்வொன்றும் போதுமா, சேர்ந்தும் போதாதா என்று சொல்ல வேண்டும். விடையைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டியதில்லை. கணக்கிட முடியுமா என்று தீர்ப்பு சொன்னால் போதும். அந்தத் தீர்ப்புதான் கடினம், ஏனென்றால் எண்களைக் கண்டவுடன் கை கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது.

உலு சிலாங்கூரில் புக்கிட் பெருந்துங், செரண்டா, மேற்கே பெஸ்தாரி ஜெயா, கோல சிலாங்கூர் என்று நீளும் இந்த வட்டாரத்துக்கு இந்தக் கேள்வி அந்நியமானதன்று. இங்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தாத்தா, பாட்டி காலத்தில் ஒரு தோட்டத்தின் பெயர் உண்டு. பழைய பத்தாங் பெர்ஜுந்தையில், இன்றைய பெஸ்தாரி ஜெயாவில், தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபோகோனியே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தார். புக்கிட் பெருந்துங் நகரியம் 1990களில் தோட்டங்கள் இருந்த நிலப்பரப்பில், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையை ஒட்டி எழுந்தது. அதற்கு முன் நூறாண்டுக்கு அருகில் இந்த மண்ணில் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் இலாபக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பால்மரம் வெட்டியவருக்கும், செம்பனைக் குலை அறுத்தவருக்கும் அந்தக் கணக்கின் முடிவு மட்டும் வந்து சேர்ந்தது: விலை இறங்கிவிட்டது, கம்பெனிக்கு நட்டம், கூலியைக் குறைக்கிறோம். அந்த முடிவுக்குப் பின்னால் போதிய தகவல் இருந்ததா என்று சரிபார்க்கும் வழிதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

முதலில் கணக்கின் உள்ளமைப்பைத் திறந்து பார்த்துவிடலாம். இலாபம் என்பது வருமானத்திலிருந்து செலவைக் கழித்தது. வருமானம் ஒரு விழுக்காட்டில் மாறுகிறது, செலவு வேறொரு விழுக்காட்டில் மாறுகிறது. இலாபத்தின் மாற்றத்தை இப்படி எழுதலாம்: செலவு மாறிய விழுக்காட்டை முதலில் வையுங்கள், வருமான மாற்றத்திலிருந்து செலவு மாற்றத்தைக் கழித்து, முந்தைய ஆண்டின் இலாப வீதத்தால் வகுத்து, அதோடு கூட்டுங்கள். இங்கே இலாப வீதம் என்பது வருமானத்தில் இலாபம் எத்தனை பங்கு என்பது. மேலே சொன்ன தோட்டத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், ஐந்து கூட்டல் ஐந்தை 0.2ஆல் வகுத்தது, அதாவது 30. வீதம் 0.05 என்றால் 105. எல்லா விடைகளும் இந்த ஒரே வாய்பாட்டிலிருந்து வருகின்றன.

இந்த வாய்பாடு தரும் முதல் செய்தி, ரிங்கிட் கணக்கு எங்குமே தேவைப்படவில்லை என்பது. வருமானம் எத்தனை மில்லியன் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். வேண்டாம். முந்தைய ஆண்டில் செலவு வருமானத்தில் எத்தனை பங்கு என்று தெரிந்தால் போதும். அதேபோல, இலாபம் மூன்று மில்லியன் ரிங்கிட் கூடியது என்ற தகவல் பெரியதாகத் தெரிந்தாலும், விழுக்காட்டைக் கேட்டால் அது மட்டும் போதாது. இரண்டாவது செய்தி, வருமானமும் செலவும் ஒரே விழுக்காட்டில் மாறினால் இலாப வீதமே தேவையில்லை. கழித்தது சுழியாகிவிடுகிறது, இலாபமும் அதே விழுக்காட்டில் மாறுகிறது. தேர்வில் இந்த ஒரு நிலையைத்தான் பலர் தவறவிடுகிறார்கள்: மூன்று தகவல்கள் வேண்டும் என்று எண்ணிக்கொண்டு, இரண்டே போதும் என்ற இடத்தில் போதாது என்று எழுதிவிடுகிறார்கள்.

மூன்றாவது செய்தியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். செலவு என்று ஒன்று இருக்கும்வரை இலாப வீதம் ஒன்றைவிடக் குறைவாகவே இருக்கும். ஆகவே வருமானம் செலவைவிட வேகமாகக் கூடியிருந்தால், முந்தைய ஆண்டில் இலாபம் இருந்தவரை, இலாபம் வருமானத்தைவிடவும் வேகமாகக் கூடியே இருக்கும். அலுவலகப் பேரேட்டைப் பார்க்காமலே இதைச் சொல்லலாம். தேர்வு மொழியில் சொன்னால், 'இலாபம் எத்தனை விழுக்காடு கூடியது?' என்ற கேள்விக்கு 10, 5 என்ற இரு தகவல்களும் போதா. 'இலாபம் 10 விழுக்காட்டுக்கு மேல் கூடியதா?' என்ற கேள்விக்கு அதே இரு தகவல்களும் போதும். தகவல் போதுமா என்பது தகவலை மட்டும் பொறுத்ததன்று, எதைக் கேட்கிறோம் என்பதையும் பொறுத்தது. இதன் மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்: வருமானம் செலவைவிட வேகமாகக் குறைந்தால், இலாபம் வருமானத்தைவிட வேகமாகக் குறையும். விலை வீழ்ச்சிக் காலத்தில் நிர்வாகம் சொல்வது எல்லாமே பொய்யாக இருந்துவிடாது.

உண்மையான எண்களில் இதைப் பார்ப்போம். மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் கணக்குப்படி, கச்சா செம்பனை எண்ணெயின் ஆண்டுச் சராசரி விலை 2019இல் டன்னுக்கு 2,079 ரிங்கிட். 2020இல் 2,685.50. 2021இல் 4,407. 2022இல் 5,087.50. 2023இல் 3,809.50. 2022 முதல் 2023 வரை விலை 25 விழுக்காடு இறங்கியது. டன்னுக்கு 1,278 ரிங்கிட் போயிற்று. இலாபம் எத்தனை விழுக்காடு இறங்கியது? உற்பத்திச் செலவு மாறவில்லை என்று வைத்துக்கொண்டு மூன்று தோட்டங்களைக் கற்பனை செய்வோம். டன்னுக்கு 1,500 ரிங்கிட் செலவில் எண்ணெய் எடுக்கும் தோட்டத்தின் இலாபம் 36 விழுக்காடு குறைகிறது. 2,500 செலவாகும் தோட்டத்துக்கு 49 விழுக்காடு. 3,500 செலவாகும் தோட்டத்துக்கு 81 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. மூன்றுக்கும் சந்தை ஒன்றே, விலைச் செய்தியும் ஒன்றே. 'விலை கால்வாசி இறங்கிவிட்டது' என்ற ஒரு வரியை வைத்து எல்லாத் தோட்டங்களையும் பற்றி ஒரே முடிவு எடுப்பது எவ்வளவு பிழையானது என்பதை இந்த மூன்று எண்களும் காட்டுகின்றன.

விலை மட்டும் வருமானமும் ஆகாது. 2019 முதல் 2021 வரை விலை 112 விழுக்காடு ஏறியது. அதே காலத்தில் ஒரு ஹெக்டேருக்கான பசுங்குலை விளைச்சலின் தேசியச் சராசரி 17.19 டன்னிலிருந்து 15.47 டன்னாக, அதாவது 10 விழுக்காடு, குறைந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் எல்லைகள் மூடப்பட்டு அயல்நாட்டுத் தொழிலாளர் வரவு நின்றதும், அறுப்பதற்கு ஆளில்லாமல் குலைகள் மரத்திலேயே பழுத்து உதிர்ந்ததும் அதற்கு முக்கியமான காரணங்கள். 112இலிருந்து 10ஐக் கழித்து 102 என்று சொல்லக் கூடாது. விழுக்காட்டு மாற்றங்களைப் பெருக்க வேண்டும், கூட்டவோ கழிக்கவோ கூடாது. விலை 2.12 மடங்கு, விளைச்சல் 0.9 மடங்கு, எண்ணெய் எடுக்கும் விகிதம் மாறவில்லை என்றால் ஹெக்டேர் வருமானம் 1.91 மடங்கு, அதாவது 91 விழுக்காடு உயர்வு. குறுக்கு வழியில் வந்த 102க்கும் இந்த 91க்கும் உள்ள இடைவெளி சிறியதன்று.

அந்த இரண்டு ஆண்டுகளில் செலவு 91 விழுக்காடு கூடியதா? உர விலை உலகச் சந்தையில் இரண்டு மடங்குக்கு மேல் போனது உண்மை. ஆனால் குறைந்தபட்ச ஊதியம் 2020 பிப்ரவரியில் நகர எல்லைகளில் மட்டும் கூடியபின் 2022 ஏப்ரல் இறுதிவரை மாறவே இல்லை. உரம் மட்டும் இரட்டித்து, கூலி பெரிதாக மாறாமல் இருந்தால் மொத்தச் செலவு 91 விழுக்காடு கூடுவது அரிது. ஆகவே இலாபம் 91 விழுக்காட்டுக்கும் மேல் கூடியிருக்கும் என்று ஊகிக்க நல்ல இடமுண்டு. ஊகம் என்றே அதைச் சொல்கிறேன், தீர்ப்பாகச் சொல்லவில்லை. நிறுவனங்கள் எண்ணெயை மாதங்களுக்கு முன்பே பேசிய விலைக்கு விற்றுவிடுவது உண்டு. சந்தை ஏறும்போது அவற்றின் கைக்கு வரும் விலை வாரியத்தின் சராசரியைவிடக் குறைவாக இருக்கும். 40.46 ஹெக்டேருக்கு மேற்பட்ட தோட்டங்கள் எதிர்பாரா இலாப வரியும் கட்டின. தீபகற்பத்தில் விலை 2,500 ரிங்கிட்டைத் தாண்டினால் விழுந்த அந்த வரி 2022 முதல் 3,000ஐத் தாண்டியபின் விழும்படி மாற்றப்பட்டது. இந்த வரி ஒரு கோட்டுக்குக் கீழே சுழியாக இருந்து, அதைத் தாண்டியபின்தான் எழுவதால், செலவு எத்தனை விழுக்காடு மாறியது என்று ஒரே எண்ணில் சொல்வதே கடினமாகிவிடுகிறது.

கோல சிலாங்கூர்ப் பக்கம் ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரருக்கு இந்தக் கணக்கு வேறு வடிவில் வருகிறது. அவர் விற்பது குலை, எண்ணெயன்று. வாரியம் ஒவ்வொரு விழுக்காடு எண்ணெய் விகிதத்துக்கும் ஒரு விலை வெளியிடுகிறது. ஆலை அவருடைய குலையைப் பார்த்து எண்ணெய் விகிதத்தை மதிப்பிட்டுப் பெருக்கிப் பணம் தருகிறது. ஒரு விழுக்காட்டுக்கு 40 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 20 என்று மதிப்பிட்டால் டன்னுக்கு 800 ரிங்கிட். 18 என்று மதிப்பிட்டால் 720. மதிப்பீட்டில் இரண்டு புள்ளி இறங்கினால் வருமானம் 10 விழுக்காடு இறங்குகிறது. அறுப்பு, ஏற்றுக் கூலி, உரம் எல்லாம் சேர்ந்து டன்னுக்கு 560 ரிங்கிட் என்றால் இலாபம் 240இலிருந்து 160 ஆகிறது. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. 'இரண்டு புள்ளிதானே' என்பதும் 'பத்து விழுக்காடு' என்பதும் 'மூன்றில் ஒரு பங்கு' என்பதும் ஒரே நிகழ்ச்சியின் மூன்று பெயர்கள். புள்ளிக்கும் விழுக்காட்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பள்ளியிலேயே கண்டிப்பாகச் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தமிழ்ப்பள்ளியில் அடக்க விலை, விற்ற விலை, இலாபம், நட்டம் என்ற வரிசையில்தான் பிள்ளைகள் கணக்குக் கற்கிறார்கள். அங்கே இலாப விழுக்காடு அடக்க விலையின் மீது கணக்கிடப்படுகிறது. 80க்கு வாங்கி 100க்கு விற்றால் 25 விழுக்காடு. கம்பெனி ஆண்டறிக்கையில் இலாப வீதம் வருமானத்தின் மீது கணக்கிடப்படுகிறது. அதே பரிமாற்றம் அங்கே 20 விழுக்காடு. இரண்டும் சரி. ஆனால் 'இலாபம் 25 விழுக்காடு' என்று மட்டும் ஒரு கூற்று இருந்தால், எதன் மீது என்று தெரியாதவரை அது போதுமான தகவல் ஆகாது. இன்னொரு வகைக் கேள்வியும் உண்டு: சென்ற ஆண்டு வீதம் 20, இந்த ஆண்டு 25 என்கிறது கூற்று. இலாபம் கூடியதா? பார்த்தவுடன் கூடியது என்று தோன்றும். வருமானம் 20 விழுக்காடு குறைந்திருந்தால், 100இல் 20ஆக இருந்த இலாபம் 80இல் 25 விழுக்காடு, அதாவது மறுபடியும் 20. ஒரு சென் கூடவில்லை. வருமானம் இன்னும் குறைந்திருந்தால் இலாபமே குறைந்திருக்கும். இரண்டு வீதங்களும் சேர்ந்தும் போதா. வருமானத்தின் மாற்றமும் வேண்டும்.

இலாபம் என்று எதைச் சொல்கிறார்கள் என்பது இன்னும் பெரிய சிக்கல். செம்பனை நட்டு மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் காய்க்கும். சுமார் இருபத்தைந்து ஆண்டுகள் பயன் தரும். மறுநடவு நடக்கும் ஆண்டுகளில் அந்த நிலத்திலிருந்து வருமானம் இல்லை. அத்தகைய ஓர் ஆண்டை அடிப்படையாக வைத்து, அடுத்த ஆண்டின் உயர்வை விழுக்காட்டில் சொன்னால் மலை போல் தெரியும். 2016 முதல் பன்னாட்டுக் கணக்கியல் விதிகள் மரத்தை ஆலை, இயந்திரம் போன்ற சொத்தாகக் கருதுகின்றன. மரத்தில் தொங்கும் குலைகளின் மதிப்பு மாற்றம் மட்டும் இலாபக் கணக்கில் சேர்கிறது. அறுக்காத குலையின் விலை ஏறினாலும் இலாபம் கூடியதாகவே காட்டும். எல்லாவற்றையும்விட, தோட்ட நிலத்தை வீடமைப்புக்கு விற்ற ஆண்டில் கிடைக்கும் பணம் இருக்கிறது. வட சிலாங்கூரில் 1990களில் நடந்த நில மாற்றங்களை நேரில் கண்டவர்களுக்கு இது புத்தகச் செய்தியன்று. அந்த ஆண்டு ஒரு நிறுவனத்தின் இலாபம் பல மடங்கு கூடியதாக அறிக்கை சொல்லலாம். பால்மரமோ செம்பனையோ ஒரு துளி கூடுதலாகத் தந்திராது. தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து குடும்பங்கள் வெளியேற, அவர்களுடைய வீட்டுப் பிரச்சினை ஆண்டுக்கணக்கில் இழுபட்ட தோட்டங்கள் இந்த வட்டாரத்திலேயே உண்டு. 'இலாபம்' என்ற ஒரே சொல் விளைச்சலையும் நில விற்பனையையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு வரும்போது, விழுக்காடு எதையும் சொல்லவில்லை என்றே கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் வரலாற்று வேர் உண்டு. 1929இல் சிங்கப்பூரில் ரப்பர் ஒரு பவுண்டு சுமார் 34 சென். உலகப் பொருளாதார வீழ்ச்சியின் ஆழத்தில், 1932இல், சுமார் 7 சென். ஏறத்தாழ 80 விழுக்காடு வீழ்ச்சி. இந்தியத் தொழிலாளருக்கென நிர்ணயிக்கப்பட்டிருந்த தர ஊதியம் 1930இல் ஆண்களுக்கு நாளுக்கு 50 சென்னிலிருந்து 40ஆகவும், பெண்களுக்கு 40இலிருந்து 32ஆகவும் குறைக்கப்பட்டது. இரண்டும் 20 விழுக்காடு. பிறகும் இறங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்; திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கூலி எந்தச் சராசரியிலும் சேரவில்லை. அக்காலத்தில் தோட்டங்களின் இலாபம் எத்தனை விழுக்காடு குறைந்தது என்று கேட்டால், பல தோட்டங்களுக்குப் பொருளுள்ள விடையே கிடையாது. இலாபம் நட்டமாக மாறிய இடத்தில் விழுக்காடு தடுமாறுகிறது. நட்டத்திலிருந்து மீண்டதை விழுக்காட்டில் சொல்லவே முடியாது, ஏனென்றால் அடிப்படை சுழிக்குக் கீழே போய்விட்டது. 'முந்தைய ஆண்டில் இலாபம் இருந்தது' என்ற எளிய வாக்கியமே தனியாக ஒரு தகவல் என்பதைத் தேர்வு எழுதுபவர்கள் அடிக்கடி மறக்கிறார்கள்.

20 விழுக்காடு குறைத்ததை ஈடுகட்ட 20 விழுக்காடு போதாது. 40 சென் மீண்டும் 50 ஆக 25 விழுக்காடு ஏற வேண்டும். 20 விழுக்காடு ஏற்றினால் 48இல் நின்றுவிடும். கூலியை வெட்டும்போது ஒரு விழுக்காடு, திருப்பித் தரும்போது அதே விழுக்காடு என்று யாராவது சமமாகப் பேசினால், அங்கே நாளுக்கு இரண்டு சென் தொழிலாளியின் மடியிலிருந்து போகிறது. 1938இல் மறுபடியும் வெட்டு வந்தபோது இந்திய அரசு அவ்வாண்டு ஜூன் 15 முதல் உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முன்னணியில் நின்ற சங்கம் சீனத் தொழிலாளருக்கு இணையான ஊதியம் கேட்டது. துரையின் முன் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தையும் எதிர்த்தது. மே மாதம் நாதன் கைதானார். வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது, படை வந்தது, தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். அப்போது போர்க்காலத் தேவையால் ரப்பருக்கு நல்ல கிராக்கி இருந்தது என்பதைத் தொழிலாளர்கள் அறிந்திருந்தார்கள். விலை ஏற்றம் தெரியும், தங்கள் கூலி தெரியும். தோட்டத்தின் இலாப வீதம் மட்டும் தோட்ட எழுத்தரான கிராணியின் மேசையிலும் லண்டனிலும் இருந்தது. 1954இல் பி. பி. நாராயணனைப் பொதுச் செயலாளராகக் கொண்டு தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அக்காலத்தில் கூலியை ரப்பர் விலையோடு இணைக்கும் ஒப்பந்தங்களும் இருந்தன. விலையோடு இணைப்பது ஒரு முன்னேற்றம்தான். ஆனாலும் மேலே பார்த்த மூன்று தோட்டங்களின் கணக்கு சொல்வது போல, விலையும் இலாபமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. செலவு அதே வேகத்தில் ஏறாவிட்டால், விலை ஏறும்போது இலாபம் அதைவிட வேகமாக ஏறுகிறது.

இன்றைய பேச்சுக்கு வருவோம். குறைந்தபட்ச ஊதியம் 2022 மே 1 முதல் 1,500 ரிங்கிட் ஆனது. எத்தனை விழுக்காடு உயர்வு? 25 என்றும் சொல்லலாம், 36 என்றும் சொல்லலாம். 2020 பிப்ரவரி முதல் 56 மாநகர, நகராட்சி எல்லைகளில் 1,200 ரிங்கிட்டும் மற்ற இடங்களில் 1,100 ரிங்கிட்டும் இருந்தன. எல்லைக்கு வெளியே இருந்த தோட்டத்துக்கு உயர்வு 36.4 விழுக்காடு, உள்ளே இருந்த தொழிற்சாலைக்கு 25. ஒரே சட்டம், இரண்டு விழுக்காடுகள். 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 ஆனபோது 13.3 விழுக்காடு உயர்ந்தது. இதனால் தோட்டத்தின் இலாபம் எவ்வளவு குறையும் என்பதே பேச்சுவார்த்தை மேசையின் கேள்வி. மற்றவை மாறவில்லை, எல்லாரும் குறைந்தபட்ச ஊதியமே பெறுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், இதற்கு ஒரே ஒரு விகிதம் போதும்: கூலிச் செலவு இலாபத்தைப் போல எத்தனை மடங்கு. கூலிச் செலவும் இலாபமும் சமமாக இருந்தால் இலாபம் 13.3 விழுக்காடு குறையும். கூலிச் செலவு இலாபத்தில் பாதி என்றால் 6.7 விழுக்காடு. கூலிச் செலவு இலாபத்தைப் போல மூன்று மடங்கு என்றால் 40 விழுக்காடு. '13 விழுக்காடு கூலி ஏற்றினால் தோட்டம் தாங்காது' என்று ஒருவர் சொன்னால், அது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். அந்த ஒரு விகிதத்தைச் சொல்லாதவரை அது கருத்து மட்டுமே.

மலேசியப் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில் பட்டியலிடப்பட்ட தோட்டக் குழுமங்கள் ஒவ்வொரு காலாண்டும் கணக்கு வெளியிடுகின்றன. அதில் பகுதிவாரிக் குறிப்பு என்று ஒன்று உண்டு. தோட்டப் பிரிவின் வருமானமும் அப்பிரிவின் இலாபமும் அங்கே தனியே இருக்கும். வகுத்தால் இலாப வீதம். ஒரு காலத்தில் அலுவலக அலமாரியில் பூட்டியிருந்த எண் இன்று கைத்தொலைபேசியில் கிடைக்கிறது. இதைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கலாம்: கடந்த ஆண்டின் பகுதிவாரிக் குறிப்பிலிருந்து வீதத்தை எடுத்துக்கொண்டு, இந்த ஆண்டின் விலை மாற்றத்தையும் விளைச்சல் மாற்றத்தையும் வைத்து இலாப மாற்றத்தை முன்கூட்டி மதிப்பிடட்டும், அறிக்கை வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். விடை வேறுபட்டால், எந்தத் தகவல் போதவில்லை என்று தேடட்டும். அந்தத் தேடலில் முன்விற்பனை விலையும் வரியும் மறுநடவும் தாமாகவே வெளிவரும்.

ஆனால் குழுமத்தின் எண் ஒரு தோட்டத்தின் எண் ஆகாது. பல குழுமங்களின் தோட்டப் பிரிவில் சிலாங்கூரின் பழைய தோட்டங்களோடு சபாவின் தோட்டங்களும், இந்தோனேசியத் தோட்டங்களும் கலந்திருக்கின்றன. குழுமம் முழுவதற்கும் இலாப வீதம் 30 விழுக்காடு என்றால் கோல சிலாங்கூரின் ஒரு குறிப்பிட்ட தோட்டத்துக்கு 10ஆகவும் இருக்கலாம், 45ஆகவும் இருக்கலாம். ஆண்டறிக்கை, வாரியத்தின் விலைப் பட்டியல், ஊதிய ஆணை மூன்றையும் சேர்த்து வைத்தாலும் ஒரு தோட்டத்தின் இலாப மாற்றம் கிடைக்காது. அந்தத் தோட்டத்தின் கணக்கு வந்தே ஆக வேண்டும். கணக்கைக் காட்டுங்கள் என்றால், வணிக இரகசியம் என்ற பதில் வரும். இங்கேதான் வாய்பாட்டின் முதல் செய்தி உதவுகிறது. எத்தனை மில்லியன் ரிங்கிட் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. சென்ற ஆண்டு நூறு ரிங்கிட் வருமானத்தில் செலவு எத்தனை, அந்தச் செலவில் கூலி எத்தனை, இந்த ஆண்டு வருமானமும் செலவும் எத்தனை விழுக்காடு மாறின: இந்த நான்கு எண்களும் போதும். இந்த ஆண்டின் இலாப மாற்றமும், கூலிச் செலவு இதுவரை மாறவில்லை என்றால், கேட்கும் கூலி உயர்வை இலாபம் தாங்குமா என்பதும் அவற்றிலிருந்தே கிடைத்துவிடும்.